மதுரையில் திடீரென்று கிடைத்த ஒன்பது மணி நேரம்: எங்கே போவது, எங்கே உட்காருவது?

பெங்களூர்வாசி | சனி, பிற்பகல் 3.05

வணக்கம். மேலூர்ப் பக்கம் ஒரு கல்யாணம் முடித்துவிட்டு இப்போதுதான் மாட்டுத்தாவணியில் இறங்கினோம். மாலை 6.30க்கு பெங்களூருக்கு ஆம்னி பஸ், ஸ்லீப்பர். இறங்கின கையோடு குறுஞ்செய்தி: வண்டி நள்ளிரவு 12.30க்குத்தான் புறப்படுமாம். காரணம் ஒன்றும் சொல்லவில்லை, "வருந்துகிறோம்" மட்டும் இருக்கிறது.

கூட அம்மா (68 வயது, முட்டி வலி), என் பெண் (8 வயது, கால் ஓரிடத்தில் நிற்காது). இரண்டு பெரிய பெட்டி. நகையெல்லாம் கைப்பையில் இருக்கிறது. எனக்கு மதுரை அவ்வளவாகத் தெரியாது. இவ்வளவு நேரத்தை என்ன செய்வது? பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்துவிடலாமா, ஊருக்குள் போகலாமா?

ஊர்சுற்றி_88 | பிற்பகல் 3.11

ஒன்பது மணி நேரமா! அள்ளிக்கொண்டு வந்த அதிர்ஷ்டம் என்று நினையுங்கள். உடனே ஆட்டோ பிடித்து நாயக்கர் மகால் (5 மணிக்கு மூடிவிடுவார்கள்), அங்கிருந்து விளக்குத்தூணில் ஜிகர்தண்டா, பிறகு மீனாட்சியம்மன் கோயில், அப்படியே வண்டியூர்த் தெப்பக்குளம், ராத்திரி கறி தோசை, 11 மணிக்கு மாட்டுத்தாவணி. எல்லாம் ஐந்தாறு கிலோமீட்டருக்குள்தான்.

சிம்மக்கல்_சித்தி | பிற்பகல் 3.17

ஊர்சுற்றி தம்பி, முட்டி வலிக்காரம்மாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஒரு சாயங்காலத்தில் ஐந்து இடமா? நீங்கள் தனியாக பைக்கில் வந்தபோது போட்ட கணக்கை அவர்களுக்குக் கொடுக்கிறீர்கள். கிலோமீட்டர் குறைவுதான், ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் கோரிப்பாளையம் சிக்னலில் நின்று பார்த்தால் தெரியும்.

தங்கச்சி, ஒரே ஒரு இடம் வைத்துக்கொள். உட்கார இடம் வேண்டும், கழிப்பறை வேண்டும், திரும்பி வர ஒரே வண்டி வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் அது எந்த இடமாக இருந்தாலும் நல்ல இடம்தான். மதுரையை முழுக்கப் பார்க்க இன்னொரு நாள் வரலாம், ஊர் எங்கேயும் போய்விடாது.

ஓய்ந்த_ஸ்டியரிங் | பிற்பகல் 3.26

இடம் எது என்று பேசுவதற்கு முன்னால் வண்டியைப் பற்றிப் பேசுவோம். நான் மதுரை–பெங்களூர் ரூட்டில் ஆம்னி ஓட்டியவன்.

ராத்திரி பெங்களூரில் கிளம்புகிற வண்டி காலையில் மதுரை வரும். கழுவி, பெட்ஷீட் மாற்றி, டிரைவர் தூங்கி எழுந்து, அதே வண்டி சாயங்காலம் திரும்பும். ஆறு மணி நேரத் தாமதம் என்றால் வண்டி இன்னும் மதுரைக்கே வரவில்லை என்று அர்த்தம். நேற்று ராத்திரி அங்கேயே ரிப்பேராகி இன்று காலையில்தான் எடுத்திருப்பார்கள், இல்லாவிட்டால் வழியில் மாட்டியிருக்கும். தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால் போதும், தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவில் மணிக்கணக்காக நிற்க வேண்டியதுதான்.

அதனால் ஆபீசுக்கு போன் போட்டு "எப்போது வரும்" என்று கேட்காதீர்கள். அதற்கு அவர்களிடம் ஒரே பதில்தான் உண்டு. வண்டி நம்பரைக் கேளுங்கள், இப்போது எந்த ஊரைத் தாண்டியிருக்கிறது என்று கேளுங்கள். மிச்சத்தை நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். திண்டுக்கல் தாண்டினால் ஒரு மணி நேரம் சொச்சம். கரூர் என்றால் இரண்டரை மணி. சேலம் என்றால் நாலரை, சாப்பாட்டுக்கு நிறுத்தினால் ஐந்து.

இன்னொன்று. சில சமயம் மாற்று வண்டி போடுவார்கள். அப்படிப் போட்டால் புறப்படும் நேரம் முன்னால் வந்துவிடும். படுக்கை எண்ணும் மாறும். அம்மாவுக்குக் கீழ்ப் படுக்கைதானே எடுத்திருக்கிறீர்கள்? மாற்று வண்டியிலும் அதுவே வேண்டும் என்று இப்போதே சொல்லி வையுங்கள். ஏறின பிறகு சண்டை போட்டுப் பயனில்லை.

பெங்களூர்வாசி | பிற்பகல் 3.31

ரொம்ப நன்றி அண்ணா. இப்போதே போன் செய்கிறேன். பெட்டிகளை எங்கே வைப்பது? ரயில் நிலையத்தில் பாதுகாப்பு அறை இருக்கிறதாமே?

தண்டவாளம் | பிற்பகல் 3.35

ரயில்வே பாதுகாப்பு அறையில் ரயில் டிக்கெட் கேட்பார்கள், பெட்டி பூட்டியும் இருக்க வேண்டும். பஸ் டிக்கெட்டை நீட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஆம்னி ஸ்டாண்டில் உங்கள் பஸ் கம்பெனி ஆபீசிலேயே வைக்கச் சொல்லிக் கேளுங்கள். தாமதம் அவர்களுடையது, பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பெட்டி மேல் டிக்கெட் எண்ணையும் உங்கள் போன் எண்ணையும் எழுதி ஒட்டி, ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி எத்தனை மணி வரை அங்கே ஆள் இருப்பார் என்றும் கேட்க வேண்டும். பெட்டி உள்ளே இருக்க, ஷட்டர் மூடியிருக்க, பஸ் எதிரே நிற்பது போன்ற கூத்தெல்லாம் நடக்கும்.

நகைப் பை மட்டும் எங்கேயும் வைக்கவே கூடாது.

சிம்மக்கல்_சித்தி | பிற்பகல் 3.38

அம்மா கழுத்தில் கல்யாணத்துக்குப் போட்டது அப்படியே இருந்தால் முந்தானையைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளச் சொல். கூட்டத்தில் போவதாக இருந்தால் தாலிச் செயினோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மட்டுறுத்துநர் | பிற்பகல் 3.40

ஒரு பதிவில் இருந்த பஸ் நிறுவனத்தின் பெயரை எடுத்திருக்கிறேன். பெயர் சொல்லித் திட்டுவதற்கு இந்த இழை வேண்டாம். யோசனைகள் தொடரட்டும்.

யானைமலை_அடிவாரம் | பிற்பகல் 3.44

எல்லோரும் ஊருக்குள்ளேயே இழுக்கிறீர்கள். மேலூர் ரோட்டில் திரும்பி ஐந்து கிலோமீட்டர் போனால் ஒத்தக்கடை. அங்கிருந்து நரசிங்கம். மேலூரிலிருந்து வரும்போது யானைமலையைப் பார்த்துக்கொண்டேதான் வந்திருப்பீர்கள், அதன் அடியில்தான் யோக நரசிம்மர் கோயில் இருக்கிறது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் மந்திரி மாறன்காரி குடைந்த குடைவரை அது. கி.பி. 770ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. மாறன்காரி வேலை முடிவதற்குள் இறந்துவிட, அவர் தம்பி மாறன் எயினன் முடித்துக் குடமுழுக்கு செய்தார் என்பதையும் அந்தக் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே லாடன் கோயில் என்று முருகனுக்கு ஒரு குடைவரை. மலைமேல் சமணர் படுக்கைகளும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உண்டு, அது அம்மாவுக்கு வேண்டாம், ஏற வேண்டும்.

சனிக்கிழமை மீனாட்சி கோயிலில் இருக்கிற கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இங்கே இருக்காது. இந்த மலையைச் செதுக்கிச் சிற்ப நகரம் ஆக்கப்போகிறோம் என்று 2010 வாக்கில் ஒரு திட்டம் கிளம்பியது. ஊர்க்காரர்கள் விடவில்லை. அதனால்தான் இன்றைக்கும் போய்ப் பார்க்க முடிகிறது.

ஊர்சுற்றி_88 | பிற்பகல் 3.47

அப்படியானால் கீழடி அருங்காட்சியகமும் போகலாமே? 12 கிலோமீட்டர்தான்.

சிம்மக்கல்_சித்தி | பிற்பகல் 3.48

தம்பி, மணி என்ன இப்போது? போய்ச் சேர்ந்து டிக்கெட் வாங்குவதற்குள் "நேரமாச்சு, கிளம்புங்க" என்பார்கள்.

புத்தகப்புழு_மதுரை | பிற்பகல் 3.52

நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம். 2023 ஜூலை 15 அன்று திறந்தது. ஏ.சி., லிஃப்ட், சுத்தமான கழிப்பறை. குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது, பாப்பாவை விட்டால் திரும்பி வர மாட்டாள். அம்மா நாற்காலியில் சாய்ந்து உட்காரலாம். இரவு 8 மணி வரை இருக்கலாம், உள்ளே போகக் காசும் கிடையாது. சித்தி சொன்ன மூன்று நிபந்தனையும் இங்கே பொருந்துகிறது.

சுற்றுலா வந்தவர்கள் யாரும் இதை நினைப்பதில்லை. ஒரு ஊரில் நாலு மணி நேரம் காசு செலவில்லாமல், யாரும் "என்ன வேணும்" என்று கேட்காமல் உட்கார எத்தனை இடம் இருக்கிறது சொல்லுங்கள்? கோயில், நூலகம். அவ்வளவுதான். பூங்காவில்கூடக் கொசு விரட்டும்.

பெங்களூர்வாசி | பிற்பகல் 3.58

பேசிவிட்டேன். வண்டி இன்று காலைதான் பெங்களூரை விட்டதாம், இப்போது சேலம் பைபாஸ் தாண்டியிருக்கிறது. பெட்டிகளை ஆபீசில் வைக்கச் சம்மதித்துவிட்டார்கள், இரவு முழுக்க ஆள் இருப்பாராம். கீழ்ப் படுக்கையையும் உறுதி செய்துகொண்டேன்.

நூலகம் எனக்குப் பிடித்திருந்தது. அம்மாவிடம் சொன்னேன். "நூலகம் பெங்களூர்லயும் இருக்கு. மதுரை வரைக்கும் வந்துட்டு மீனாட்சியைப் பார்க்காமப் போனேன்னு ஊருக்குப் போய் யார்கிட்ட சொல்றது" என்கிறார். முட்டி வலி எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

சிம்மக்கல்_சித்தி | மாலை 4.02

அப்படிச் சொல்லுங்கள் அம்மா! சரி, இனி பேச்சில்லை, கோயில்தான். நடை 4 மணிக்குத் திறந்தாயிற்று.

ஓய்ந்த_ஸ்டியரிங் | மாலை 4.06

கோயில் என்றால் ஒரு சிக்கல் இருக்கிறது, அதையும் யோசித்துக்கொண்டு போங்கள். உள்ளே செல்போன் விடமாட்டார்கள். 2018இல் வீரவசந்தராயர் மண்டபம் தீப்பிடித்ததற்கு அப்புறம் வந்த தடை. வெளியே கவுன்ட்டரில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதாவது இரண்டு மணி நேரம் பஸ்காரன் கூப்பிட்டாலும் உங்களுக்குத் தெரியாது. அந்த இரண்டு மணி நேரத்தை எப்போது வைத்துக்கொள்கிறீர்கள் என்பதுதான் விஷயம்.

வண்டி இப்போது சேலம். அங்கிருந்து மதுரை 235 கிலோமீட்டர் சுமார். எட்டரை, ஒன்பதுக்கு முன்னால் வர வழியில்லை. வந்த பிறகு கழுவ வேண்டும். டிரைவரை மாற்ற வேண்டும், பகல் முழுக்க ஓட்டினவரை ராத்திரியும் ஓட்ட விடுவது தப்பு. ஆகப் பத்தரைக்கு முன்னால் சக்கரம் உருளாது. 12.30 என்று சொல்லியிருப்பது அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட இடைவெளி. 11 மணிக்கே கிளம்பினாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

எனவே ஐந்திலிருந்து ஏழரை வரை போன் இல்லாமல் தைரியமாகக் கோயிலுக்குள் இருக்கலாம். ஏழரைக்கு வெளியே வந்ததும் ஒரு போன். பத்துக்குள் மாட்டுத்தாவணி. கோயில் நேரத்தைத் தள்ளிப்போட்டால்தான் மாட்டிக்கொள்வீர்கள்.

கிழக்குக்கோபுரம் | மாலை 4.10

பள்ளியறை பூஜையை விட்டுவிடுவார்களே! இரவு ஒன்பது மணிக்கு மேல் சொக்கநாதர் பாதுகையைப் பல்லக்கில் வைத்து அம்மன் சன்னதிக்குக் கொண்டுவருவார்கள். மேளம், சாமரம், சாம்பிராணிப் புகை. பகலெல்லாம் கூட்டமாக இருந்த பிராகாரம் அப்போதுதான் கோயிலாகத் தெரியும். மதுரையில் ஒரு ராத்திரி கிடைத்தால் நான் அதைத்தான் சொல்வேன்.

ஓய்ந்த_ஸ்டியரிங் | மாலை 4.12

கிழக்குக்கோபுரம் சார், அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்பதிலிருந்து பத்து வரைதான் வண்டி மதுரைக்குள் வந்து நேரம் மாறுகிற சமயம். அப்போது போனைக் கவுன்ட்டரில் கொடுத்துவிட்டு நிற்பதா?

கிழக்குக்கோபுரம் | மாலை 4.15

சரி, அது நியாயம். விட்டுக்கொடுக்கிறேன். பதிலுக்கு ஒன்று சொல்கிறேன். தரிசனம் முடிந்ததும் வெளியே ஓடாதீர்கள். பொற்றாமரைக் குளத்துப் படியில் அம்மாவை உட்கார வைத்துவிட்டுப் பாப்பாவோடு நிதானமாக ஒரு சுற்று வாருங்கள். ஆயிரங்கால் மண்டபம் திறந்திருந்தால் யாளிகளைக் காட்டுங்கள். தூண்கள் 985தான் என்று சொல்லி எண்ணச் சொன்னால் அரை மணி நேரம் உங்களுக்கு விடுதலை.

ஆட்டோவைக் கிழக்குப் பக்கம் விடச் சொல்லுங்கள். சித்திரை வீதியில் வண்டி வராது, கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கும். அம்மன் சன்னதி வாசல் அங்கேதான்.

அறைக்குள்_அமைதி | மாலை 4.19

மாற்றுக் கருத்து ஒன்று. எதற்கு இந்த அலைச்சல்? கல்யாண வீட்டில் தூங்கியிருக்க மாட்டார்கள். மாட்டுத்தாவணியைச் சுற்றி லாட்ஜுகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு அறை எடுத்து, குளித்து, மின்விசிறிக்கு அடியில் படுத்து, பத்து மணிக்குக் கிளம்பினால் ஆயிற்று. நேரம் கிடைத்துவிட்டது என்பதற்காக அதை ஏதாவது கொண்டு நிரப்பியே ஆக வேண்டுமா? சும்மா படுத்திருப்பதும் நேரத்தைச் செலவழிக்கிற வழிதான்.

ஊர்சுற்றி_88 | மாலை 4.22

பெங்களூரில் வீட்டிலேயே படுக்கலாமே!

அறைக்குள்_அமைதி | மாலை 4.24

அறுபத்தெட்டு வயதில் ராத்திரி பஸ்ஸில் பத்து மணி நேரம் போய்ப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

தண்டவாளம் | மாலை 4.27

அறைக்குள்_அமைதி சொல்வதை அப்படித் தள்ளிவிட முடியாது. இரண்டையும் சேர்த்துச் செய்யலாம். கோயிலுக்குப் பிறகு சோர்ந்துவிட்டால் ஃப்ரெஷ்அப் வாடகைக்கு அறை கிடைக்குமா என்று கேட்கலாம். சில லாட்ஜில் மூன்று நாலு மணி நேரத்துக்குத் தருவார்கள், சிலர் முழு நாள் வாடகைதான் என்பார்கள். ஆதார் அட்டை கையில் இருக்க வேண்டும்.

ரயிலையும் யோசித்தேன். தூத்துக்குடி–மைசூரு விரைவு ரயில் மாலையில் மதுரை வழியாக பெங்களூர் போகிறது. ஆனால் சனிக்கிழமை கடைசி நேரத்தில் மூன்று பேருக்குப் படுக்கை கிடைப்பது சந்தேகம், முன்பதிவில்லாப் பெட்டியில் அம்மாவோடு ஏறுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். பஸ் டிக்கெட்டை நீங்களாக ரத்து செய்தால் பிடித்தம் போகும். ரத்து செய்வதானால் கம்பெனிக்காரர்களையே ரத்து செய்யச் சொல்லுங்கள், முழுப் பணமும் கேட்க அப்போதுதான் வாய்ப்பு.

பெங்களூர்வாசி | மாலை 4.31

ஆட்டோவில் ஏறிவிட்டோம். கோயில்தான். போன் கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி: வெளியே வந்த பிறகு அம்மாவுக்கு என்ன சாப்பாடு? சனிக்கிழமை அசைவம் சாப்பிட மாட்டார்.

கல்லுத்தோசை | மாலை 4.36

அப்படியானால் இந்த இழையில் கறி தோசை பேச்சை நிறுத்துவோம் (மனது கேட்கவில்லை. தோசை மேல் முட்டை, முட்டை மேல் கறி, மூன்றும் ஒன்றாக வெந்து வரும். அடுத்த முறை வாருங்கள்).

இட்லி சாப்பிடச் சொல்லுங்கள். மதுரையில் ராத்திரி இட்லி ஒரு தனி விவகாரம், கூட நாலைந்து சட்னி வரும். மாசி வீதிகளில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு கடை இருக்கும். கூட்டம் நிற்கிற கடையாகப் பார்த்து உட்காருங்கள். பருத்திப்பால் வண்டி கண்ணில் பட்டால் அம்மாவுக்கு ஒரு டம்ளர், சுக்கும் கருப்பட்டியும் போட்டது, வயிற்றுக்கு ஒன்றும் செய்யாது.

பாப்பாவுக்கு ஜிகர்தண்டா. விளக்குத்தூண் பக்கம்.

சிம்மக்கல்_சித்தி | மாலை 4.40

ராத்திரி பஸ் ஏறுகிற பிள்ளைக்குப் பாலும் ஐஸ்கிரீமும் கடல்பாசியும் பாதாம் பிசினும் கலந்து கொடுத்து அனுப்பவா? பஸ்ஸில் கழிப்பறை கிடையாது. நடுராத்திரி "அம்மா வயிறு வலிக்குது" என்றால் டிரைவர் நாமக்கல்லில் நிறுத்துவாரா?

கல்லுத்தோசை | மாலை 4.42

ஏழரைக்குக் குடித்தால் 11 மணிக்குள் எல்லாம் அடங்கிவிடும் சித்தி. மதுரைக்கு வந்த குழந்தைக்கு ஜிகர்தண்டா இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஓய்ந்த_ஸ்டியரிங் | மாலை 4.45

பாதி டம்ளர். பெண் கேட்டால் டிரைவர் நிறுத்துவார், நான் நிறுத்தியிருக்கிறேன். ஆனால் கேட்க வேண்டும், பின்னால் உட்கார்ந்து முனகினால் கேட்காது. ஏறும்போதே கிளீனரிடம் "குழந்தை இருக்கு, வழியில நிறுத்தச் சொன்னா நிறுத்துங்க" என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் போதும்.

வைகைக்கரை | மாலை 5.20

அவர்கள் கோயிலில் இருக்கும்போது நாம் ராத்திரிப் பங்கைப் பேசிவிடலாம். தெப்பக்குளத்தை ஊர்சுற்றியைத் தவிர யாரும் சீந்தவில்லை. 1645இல் திருமலை நாயக்கர் வெட்டியது. இப்போது தண்ணீர் நிற்கிறது, நடுவில் மண்டபம், சுற்றிலும் உட்காரச் சுவர், பஜ்ஜிக் கடைகள். மாட்டுத்தாவணிக்கு நாலு கிலோமீட்டர்தான், ஊர் நெரிசலுக்குள் போகவே வேண்டாம். எட்டு மணிக்கு அங்கே போய் ஒன்பதரைக்குத் திரும்பலாமே?

சிம்மக்கல்_சித்தி | மாலை 5.26

தனியாக இருக்கிற பெண்ணுக்கு, கையில் நகைப் பையோடு, ராத்திரி தெப்பக்குளக் கரை வேண்டாம். கெட்ட இடம் என்று சொல்லவில்லை, குடும்பங்கள்தான் வருகின்றன. ஆனால் ஏற்கெனவே ஒரு இடம் பார்த்தாயிற்று. கோயிலுக்குக் கிழக்கே அப்படியே நடந்தால் எழுகடல் தெரு. கட்டி முடிக்காத ராய கோபுரம், அதன் தூண்களுக்கு அடியிலேயே பாத்திரக் கடைகள். புதுமண்டபத்துக்குள் முன்பு இருந்த தையல் கடை, வளையல் கடையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன, பாப்பாவுக்கு வளையல் அங்கே வாங்கலாம். வெளிச்சம் இருக்கிறது, ஜனம் இருக்கிறது, அம்மா எங்கே வேண்டுமானாலும் ஒரு கடைப் படியில் உட்காரலாம். மதுரைக் கடைக்காரர் ஸ்டூல் எடுத்துப் போடுவார்.

யானைமலை_அடிவாரம் | மாலை 5.31

பத்து மணிக்கு அப்புறம் ஆம்னி ஸ்டாண்டில் காத்திருப்பதைவிடப் பக்கத்து எம்.ஜி.ஆர். பேருந்து நிலையத்தில் (மாட்டுத்தாவணி என்று சொல்வது அதைத்தான்) இருப்பது நல்லது. நாகர்கோவில், திருநெல்வேலி, ராமேஸ்வரம் என்று இரவு முழுக்க வண்டி ஓடுகிறது. டீக்கடை மூடுவதில்லை, போலீசும் சுற்றிவருவார்கள். குடும்பங்கள் உட்கார்ந்திருக்கிற பெஞ்சாகப் பார்த்து உட்காருங்கள். ஆம்னி ஸ்டாண்டு வண்டி நிற்கும்போதுதான் கலகலப்பு, இடைவேளையில் ஆள் குறைவு. ஏதாவது தொந்தரவு என்றால் 112, பெண்களுக்கு 181.

அறைக்குள்_அமைதி | மாலை 5.37

அந்த பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்காருவதற்குத்தான் லாட்ஜ் என்று சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

பெங்களூர்வாசி | இரவு 7.44

வெளியே வந்துவிட்டோம். முதல் வேலையாக போன் செய்தேன். வண்டி திண்டுக்கல் நெருங்குகிறதாம். ஸ்டியரிங் அண்ணா கணக்கு அப்படியே பலிக்கிறது.

கூட்டம் இருந்தது, வரிசையில் நின்றது அம்மாவுக்குக் கஷ்டம்தான். ஆனால் குளத்துப் படியில் உட்கார்ந்த பிறகு எழுந்திருக்கவே மனமில்லை அவருக்கு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த திருமங்கலத்துப் பாட்டியோடு சம்பந்தி அளவுக்குப் பேசிவிட்டார். பாப்பா தூண்களை நூறு வரை எண்ணிவிட்டு, யாளி வாய்க்குள் இருக்கிற கல் உருண்டை எப்படி உள்ளே போயிற்று என்று கேட்கிறாள். யாருக்காவது தெரியுமா?

கிழக்குக்கோபுரம் | இரவு 7.50

உள்ளே போகவில்லை, உள்ளேயே பிறந்தது. யாளியும் உருண்டையும் ஒரே கல். பல்லிடுக்கு வழியாக உளியை விட்டுச் சுற்றிலும் கல்லைக் குடைந்து எடுத்தால் உருண்டை தனியாகக் கழன்று நிற்கும். வெளியே எடுக்க முடியாது, உருட்டலாம். பாப்பாவிடம் சொல்லுங்கள், சரியான கேள்வி.

பெங்களூர்வாசி | இரவு 9.12

இட்லி ஆயிற்று. ஜிகர்தண்டா பாதி டம்ளர் என்றுதான் வாங்கினோம், முழு டம்ளராக முடிந்தது. இப்போது புதிய குறுஞ்செய்தி: வண்டி 11 மணிக்கே புறப்படுகிறது! 12.30ஐ நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆட்டோ பிடித்துவிட்டோம்.

ஓய்ந்த_ஸ்டியரிங் | இரவு 9.15

நல்லது. போனதும் வண்டி நம்பரையும் கீழ்ப் படுக்கையையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பெங்களூர்வாசி | ஞாயிறு, பிற்பகல் 1.20

வந்து சேர்ந்தோம். அதே வண்டி, கீழ்ப் படுக்கை, 11.10க்குக் கிளம்பியது. டிரைவர் மாறியிருந்தார். வழியில் ஒரு முறை நிறுத்தச் சொன்னோம், நிறுத்தினார் (சித்தி, ஜிகர்தண்டா காரணம் இல்லை, அம்மாவுக்குத்தான்). தாமதத்துக்கு ஈடு கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன், பதில் இன்னும் இல்லை.

தண்டவாளம் | ஞாயிறு, பிற்பகல் 1.48

இரண்டு குறுஞ்செய்தியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் செயலியில் வாங்கியிருந்தால் அங்கேயும் புகார் எண் வாங்குங்கள், கம்பெனியோடு நிறுத்தாதீர்கள்.

தேனிக்காற்று | ஞாயிறு, மாலை 6.05

இழையை முழுக்கப் படித்தேன். எனக்கு அடிக்கடி இதே கதை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நடக்கும். அங்கே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? இரண்டு மூன்று மணி நேரம்தான் இருக்கும், தனி ஆள், ஒரு தோள் பை.

வைகைக்கரை | ஞாயிறு, மாலை 6.22

பெரியார் நிலையத்துக்கு வண்டி ஏறிவிடுங்கள். இறங்கி மேல மாசி வீதிக்கு நடந்தால் காந்தி தங்கியிருந்த வீடு இருக்கிறது. 1921 செப்டம்பர் 22 அன்று சட்டையையும் தொப்பியையும் விட்டு அரை வேட்டிக்கு மாறியது அந்த வீட்டில்தான். கீழே கதர்க் கடை. பெரிய இடமில்லை, அரை மணி போதும். பகல் நேரமாக இருந்தால் தமுக்கம் காந்தி மியூசியத்தையும் இதோடு சேர்க்கலாம், வெள்ளிக்கிழமை தவிர்த்து.

கல்லுத்தோசை | ஞாயிறு, மாலை 6.30

ரயில் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம் வந்தால் சூடான அல்வா, வாழையிலைத் துண்டில். நின்றுகொண்டே சாப்பிடுங்கள், பார்சல் வாங்கினால் தேனி போவதற்குள் ஆறிவிடும். ஆரப்பாளையத்துக்குத் திரும்ப பெரியாரிலிருந்து டவுன் பஸ் உண்டு, அவசரமென்றால் ஆட்டோ.